டெங்குவில் எண்ண வேண்டியது தட்டணுக்களை அல்ல

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கள்ளக்குறிச்சியில் எந்த மருத்துவமனை வாசலிலும் ஒரே கேள்விதான் காதில் விழும்: "அணு எவ்வளவுங்க இருக்கு?" கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்தில் இறங்கி வந்த மலையாளிப் பழங்குடிக் குடும்பமும் அதைத்தான் கேட்கிறது. நகரத்து அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவரும் அதைத்தான் கேட்கிறார். ரத்தப் பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் எல்லாருடைய கண்ணும் 'பிளேட்லெட்' எனும் தட்டணு வரிக்கே போகிறது. அங்கே ஒன்றரை லட்சம் இருந்தால் நிம்மதி. எழுபதாயிரம் என்றால் கலக்கம். முப்பதாயிரம் என்றால், ரத்த வகையையும் கைபேசி எண்ணையும் போட்டு வாட்ஸ்அப் குழுக்களில் கொடையாளரைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு மக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. தொலைக்காட்சிச் செய்தி, மருந்துக்கடைக்காரர், ஊர்ப் பெரியவர், மருத்துவர்களில் ஒரு பகுதியினர் என எல்லாரும் சேர்ந்துதான் ஒரு பாடத்தைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். டெங்கு வந்தால் தட்டணு குறையும்; தட்டணு குறைந்தால் உள்ளுக்குள் ரத்தம் ஒழுகும்; ஒழுகினால் உயிர் போகும்; ஆகவே தட்டணுவை ஏற்றினால் உயிர் பிழைக்கும். இதில் முதல் வாசகம் சரி. இரண்டாவது பாதி சரி. மூன்றாவதும் நான்காவதும் தவறு. அந்தத் தவறு ஒவ்வொரு மழைக்காலத்திலும் பணத்தைத் தின்கிறது, நேரத்தைத் தின்கிறது, சில வேளை ஆளையே தின்றுவிடுகிறது. 2017ஆம் ஆண்டு அரசுக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் 23,294 பேருக்கு டெங்கு வந்தது. 65 பேர் இறந்தார்கள். டெங்கு மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தொடக்கப்புள்ளி தட்டணுக் குறைவு அல்ல. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து போவதுதான்.

கசிவது ரத்தம் அல்ல, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. அது நுண்குழாய்களின் சுவரைத் தாண்டி நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் போய்த் தேங்குகிறது. வெளியே ஒரு சொட்டுச் சிவப்பும் தெரியாது. குழாய்க்குள் மிஞ்சிய ரத்தம் கெட்டியாகிறது, அளவில் குறைகிறது, இதயத்துக்குத் திரும்பி வருவதும் குறைகிறது. கை, கால் சில்லிடுகின்றன. நாடி மெலிகிறது. ஒரு துளி ரத்தம் சிந்தாமலே நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போய்விடலாம். பாங்காக்கில் குழந்தை மருத்துவர் சுசித்ரா நிம்மன்னித்யாவும் அவருடைய தலைமுறை மருத்துவர்களும் 1960களிலேயே வார்டில் உட்கார்ந்து கண்டறிந்த விஷயம் இது. கசிவை மணிக்கணக்கில் கவனித்து, அளந்து நீர் கொடுத்தே தாய்லாந்து தன் டெங்கு மரணங்களைக் குறைத்தது.

குழாய் ஏன் கசிகிறது என்பதற்கு நெடுங்காலம் தெளிவான விடை இல்லை. இறந்தவர்களின் நுண்குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்தால் சுவர்ச் செல்கள் பெரும்பாலும் முழுசாகவே இருந்தன. ஓட்டை இல்லாத குழாய் எப்படி ஒழுகும்? விடை, பழைய நுண்ணோக்கி பார்க்கத் தவறிய ஓர் அடுக்கில் இருந்தது.

ரத்தக் குழாயின் உட்சுவரில், ரத்தம் நேரடியாகத் தொடும் பக்கத்தில், சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன மெல்லிய, வழுவழுப்பான படலம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கிளைக்கோகாலிக்ஸ். ஆய்வுக்கூடத்தில் மாதிரியைப் பதப்படுத்தும்போதே அது கரைந்து உதிர்ந்துவிடும் என்பதால் பல பத்தாண்டுகள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1966இல் லுஃப்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் ருத்தீனியம் சிவப்பு என்ற சாயத்தைக் கொண்டு அதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார். அந்தப் படலத்தின் முக்கியமான சரக்கு ஹெப்பரான் சல்பேட் புரோட்டியோகிளைக்கன்கள். நடுவில் ஒரு புரதம். அதிலிருந்து கிளம்பும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். சங்கிலி நெடுகச் சல்பேட் தரும் எதிர்மின்னூட்டம். செல்லின் மேல் நிற்கும் சின்டிகன்கள் நான்கு வகை, கிளிப்பிகன்கள் ஆறு வகை. செல்லுக்கு அடியிலுள்ள தளச்சவ்வில் பெர்லிகனும் அக்ரினும் இருக்கின்றன.

ஹெப்பரான் சல்பேட் முதலில் ஒரு கலப்படமாகத்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை 1916இல் பால்டிமோரில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் கண்டார். டயாலிசிஸ் பிரிவில் இன்றும் தினம் புழங்கும் மருந்து அது. 1948இல் ஸ்வீடனில் ஜோர்ப்ஸும் கார்டெல்லும் அந்த ஹெப்பாரினோடு ஒட்டி வந்த, சல்பேட் குறைந்த ஒரு பொருளைத் தனியே பிரித்தார்கள். ஹெப்பாரின் சில வகைச் செல்களில் மட்டுமே உருவாகிறது. அந்தக் 'கலப்படம்' விலங்குலகம் முழுவதிலும் ஏறத்தாழ எல்லாச் செல்களின் மேலும் இருக்கிறது. வளர்ச்சிக் காரணிகள் தங்கள் ஏற்பிகளோடு சேர அதன் உதவி வேண்டும். கொழுப்புத் துகள்களைக் கல்லீரல் ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கச் சின்டிகன்-1 வேண்டும். குழாய்ச் சுவரில் ரத்தம் உறையாமலிருக்க ஆன்டித்ராம்பின் வந்து பிடிப்பதும் இந்தச் சங்கிலியைத்தான். அது சிதையாமல் செல்லுக்குள் தேங்கிப்போனால் குழந்தைகளுக்குச் சான்ஃபிலிப்போ என்ற கொடிய மூளைநோய் வருகிறது. 

டெங்குவுக்கு வேண்டிய சங்கதி அதன் இன்னொரு வேலை. வயல் வரப்பில் படர்ந்த அருகம்புல்லைச் செதுக்கி எடுத்துவிட்டால் வரப்பு அப்படியேதான் நிற்கும், ஆனால் மண் இளகித் தண்ணீர் மெல்லக் கசியத் தொடங்கும். கிளைக்கோகாலிக்ஸ் உதிர்ந்த நுண்குழாய்க்கும் அதே கதிதான். செல்கள் இருக்கின்றன, சுவர் நிற்கிறது, நீரும் ஆல்புமின் புரதமும் வெளியேறுகின்றன. 1896இல் ஸ்டார்லிங் சொன்ன நுண்குழாய் நீர்ப் பரிமாற்ற விதியையே மைக்கேல், லெவிக் ஆகிய இருவரும் இந்த அடுக்கைக் கணக்கில் சேர்த்துத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. ஹோ சி மின் நகரில் டெங்கு அதிர்ச்சிக்கு ஆளான குழந்தைகளைப் பிரிஜெட் வில்ஸ் குழுவினர் ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களின் சிறுநீரில் ஹெப்பரான் சல்பேட் கூடுதலாக வெளியேறியதைக் காட்டியது. படலம் உதிர்கிறது என்பதற்கு நோயாளியின் உடலிலிருந்தே கிடைத்த சாட்சி அது.

உதிர்ப்பது யார்? டெங்கு வைரசின் என்.எஸ்.1 என்ற புரதம். தமிழ்நாட்டில் காய்ச்சல் வந்த வீட்டாருக்கு இந்தப் பெயர் புதிதல்ல, "என்.எஸ்.1 பாசிட்டிவ்" என்று லேபில் சொல்வதைக் கேட்டவர்கள் ஏராளம். நோயைக் கண்டுபிடிக்கும் அடையாளமாக மட்டுமே அதை நினைத்துக்கொண்டிருக்கிறோம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஈவா ஹாரிஸ் குழு 2015இல் காட்டியது வேறு: வைரசே இல்லாமல் என்.எஸ்.1 புரதத்தை மட்டும் எலிக்குச் செலுத்தினாலும் குழாய்கள் கசிந்தன. எலியைக் கொல்லாத அளவு வைரசோடு அந்தப் புரதத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது எலிகள் இறந்தன. அடுத்த ஆண்டு அதே குழு வழிமுறையையும் விளக்கியது. என்.எஸ்.1 குழாய்ச் செல்லில் ஒட்டியதும் சியலிடேஸ், கதெப்சின்-எல், ஹெப்பரனேஸ் ஆகிய நொதிகள் கிளர்ந்தெழுகின்றன. ஹெப்பரனேஸ், ஹெப்பரான் சல்பேட் சங்கிலியை வெட்டுகிறது. சின்டிகன்-1 கழன்று ரத்தத்தில் மிதக்கிறது. இந்தோனேசிய நோயாளிகளிடம் அளந்து பார்த்தபோது, கசிவு கடுமையாக இருந்தவர்களின் ரத்தத்தில் சின்டிகன்-1 அதிகமாக இருந்தது. கசிவுக்கு வேறு காரணிகளும் உண்டு. உடலின் எதிர்ப்பாற்றல் சுரக்கும் சைட்டோகைன்களுக்கும் அதில் பங்கிருக்கிறது. ஆனால் இந்தச் சங்கிலித்தொடர் எதிலும் தட்டணுவுக்கு முதன்மைப் பாத்திரம் இல்லை.

தட்டணு குறையவே இல்லை என்று இங்கே யாரும் வாதிடவில்லை. குறைகிறது. வைரஸ் எலும்பு மஜ்ஜையை அமுக்குகிறது. சுற்றோட்டத்தில் இருக்கும் தட்டணுக்களும் வேகமாக அழிக்கப்படுகின்றன. காய்ச்சல் இறங்கும் நாட்களில் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போய், பிறகு சிகிச்சை எதுவும் இல்லாமலே தானாக ஏறுகிறது. ஒரு லட்சத்துக்குக் கீழே சரசரவென இறங்குவது கசிவுக் கட்டம் நெருங்குகிறது என்பதற்கான முன்னறிவிப்பு. அந்த அளவில் அதற்கு மதிப்பு உண்டு. தவறு தொடங்குவது, முன்னறிவிப்பையே நோயாக எடுத்துக்கொண்டு அதற்கு வைத்தியம் பார்க்கும்போது.

அந்த வைத்தியத்துக்கு நேரடியான பரிசோதனையே நடந்துவிட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தட்டணு 20,000 அல்லது அதற்குக் கீழே போன, பெரிய ரத்தப்போக்கு இல்லாத 372 வயதுவந்த டெங்கு நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தட்டணு ஏற்றினார்கள், மறுபாதிக்கு ஏற்றவில்லை. 2017இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. ஏற்றியவர்களில் 21 சதவீதத்தினருக்கு ரத்தப்போக்கு. ஏற்றாதவர்களில் 26 சதவீதத்தினருக்கு. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. பக்கவிளைவுகளோ ஏற்றியவர்களிடம் 13, ஏற்றாதவர்களிடம் 2. கொடுத்த தட்டணு நன்மை செய்யவில்லை. கொடுத்ததால் தீங்கு கூடியது. இருபதாயிரத்திலேயே இந்த நிலை என்றால், ஐம்பதாயிரத்தில் இருப்பவருக்காக நள்ளிரவில் கொடையாளரைத் தேடி ஓடுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது? நமது தேசிய வழிகாட்டுதலும் ரத்தப்போக்கு இல்லாத நோயாளிக்குப் பத்தாயிரத்துக்குக் கீழே போனால்தான் தட்டணுவைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது.

"ரத்தம் கசிந்து இறந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோமே" என்பார்கள். பார்த்திருப்பார்கள், உண்மைதான். டெங்குவில் பெரும் ரத்தப்போக்கு அநேகமாக நீடித்த அதிர்ச்சியின் பின்னால் வருகிறது. பல மணி நேரம் ரத்தவோட்டம் போதாமல் குடலும் கல்லீரலும் நைந்த பிறகு, உறைதல் அமைப்பே குலைந்த பிறகு வருகிறது. போதாக்குறைக்கு, உதிர்ந்து மிதக்கும் ஹெப்பரான் சல்பேட் துண்டுகளும் ஹெப்பாரினைப் போல உறைதலைத் தடுக்கக்கூடும் என்ற கருத்தும் ஆய்வாளர்களிடம் இருக்கிறது. அந்த நிலையில் தட்டணுவும் ரத்தமும் தேவைப்படலாம்; மருத்துவர் கொடுப்பார். கசிவை முந்திக்கொண்டு பிடித்திருந்தால் அந்த நிலையே வந்திருக்காது என்பதுதான் இங்கே வாதம்.

பப்பாளி இலைச் சாறு பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தட்டணு மோகத்தின் மீதுதான் அந்த வியாபாரமே நிற்கிறது. சாற்றை மாத்திரையாக்கியும் விற்கிறார்கள். 2013இல் வெளியான மலேசிய ஆய்வு ஒன்று உட்பட, சாறு தட்டணு எண்ணிக்கையைச் சற்று விரைவாக ஏற்றுகிறது என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. இருக்கட்டும். அது கசிவைத் தடுத்ததாகவோ சாவைக் குறைத்ததாகவோ நம்பத்தகுந்த சான்று இல்லை. தானாக ஏறப்போகும் எண் ஒரு நாள் முன்னதாக ஏறுவதால் நோயாளிக்கு என்ன லாபம்? குமட்டலோடு படுத்திருக்கும் குழந்தையின் வாயில் கசப்புச் சாற்றை ஊற்றி, அது வாந்தியெடுத்து, உடம்பில் இருந்த நீரும் போகிற கொடுமை வீடுகளில் நடக்கிறது. அந்த வயிற்றுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் கஞ்சியும் இளநீரும் போயிருக்க வேண்டும். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும். குடித்துவிட்டோமே என்று அபாய அறிகுறியைக் கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து.

கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் இந்த மோகத்துக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. தட்டணு குறைந்தால் டெங்கு என்று தலைகீழாகவும் முடிவு கட்டிவிடுகிறார்கள். மலேரியாவிலும் எலிக்காய்ச்சலிலும் தட்டணு குறையும். ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலிலும் குறையும். புதர்க்காட்டிலும் வயலோரத்திலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் இளம்புழு கடித்து வரும் நோய் அது. சாமை விளையும் சரிவிலும் மரவள்ளிக் காட்டிலும் உட்கார்ந்து களை எடுக்கிறவர்கள், கடுக்காய் பொறுக்கவும் விறகெடுக்கவும் புதருக்குள் போகிறவர்கள் ஆகியோரே அதன் முதல் இலக்கு. வேலூர் சி.எம்.சி.யும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் நடத்திய ஆய்வு, கிராம மக்களில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கினர் வரை இந்தத் தொற்றுக்கு ஆளாவதாகக் கண்டது. 2024 இறுதியில் பொதுச் சுகாதாரத் துறை உண்ணிக் காய்ச்சல் பற்றி எச்சரித்தபோது அண்டை மாவட்டமான திருவண்ணாமலையும் பட்டியலில் இருந்தது. மாவட்ட எல்லைக்கல்லைப் பார்த்து உண்ணி திரும்பிப் போவதில்லை.

உண்ணிக் காய்ச்சலின் கிருமியும் அதே சர்க்கரைப் படலத்தைத்தான் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் ஏறுகிறது. ஒரியென்சியா சுட்சுகாமுஷி என்ற அந்தப் பாக்டீரியா செல்லில் ஒட்ட ஹெப்பரான் சல்பேட்டையும் சின்டிகன்-4ஐயும் பயன்படுத்துவதைக் கொரிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். டெங்கு வைரசும் ஹெப்பரான் சல்பேட்டில் ஒட்டியே செல்லைப் பற்றுகிறது என்பது 1997இலேயே வெளிவந்துவிட்டது. 2020இல் கொரோனா வைரசின் முள்புரதத்துக்கும் அதே பிடிமானம் என்று தெரிந்தது. ஒட்டும் இடம் ஒன்றானாலும் வைத்தியம் ஒன்றல்ல. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் என்ற மலிவான மருந்து இருக்கிறது. காலத்தில் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் மார்புக்கு அடியிலும் பீடிச் சூடு பட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்த்தாலே பல நேரம் நோய் பிடிபட்டுவிடும். எல்லாருக்கும் அது இருக்காது, ஆனால் தேடினால்தானே தெரியும்? அணு எண்பதாயிரம் என்றதும் டெங்கு என்று முத்திரை குத்திப் பப்பாளிச் சாறு கொடுத்துக் காத்திருந்தால், அந்தப் பொருக்கை யாரும் தேடப்போவதில்லை. நுரையீரலும் மூளையும் பாதிக்கப்பட்ட பிறகு பெரிய மருத்துவமனையில் தேடுவார்கள்.

சரி, தட்டணுவை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது? ஆச்சரியம் என்னவென்றால், பார்க்க வேண்டிய எண் அதே சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது. முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனைச் சீட்டில் தட்டணு வரிக்குச் சில வரிகள் தள்ளி பி.சி.வி. அல்லது ஹெமட்டோக்ரிட் என்று ஒன்று இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்திருக்கின்றன என்ற கணக்கு அது. நீர் கசிந்து வெளியேறினால் சிவப்பணுக்களின் பங்கு கூடும், அதாவது பி.சி.வி. ஏறும். ஒரு நோயாளிக்கு மூன்றாம் நாள் பி.சி.வி. 36, தட்டணு 1,10,000 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, பி.சி.வி. 44, தட்டணு 82,000. "காய்ச்சலும் இல்லை, அணுவும் எண்பதுக்கு மேல் இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம்" என்பார்கள். 36இலிருந்து 44 என்பது 22 சதவீத ஏற்றம். இருபது சதவீதம் ஏறினாலே கணிசமான கசிவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அந்த நோயாளி அன்றிரவு மருத்துவமனையில் இருந்தாக வேண்டியவர். பக்கத்துக் கட்டிலில் தட்டணு 28,000, பி.சி.வி. நேற்றும் இன்றும் 38, நன்றாகச் சாப்பிடுகிறார், சிறுநீர் தாராளமாகப் போகிறது என்றால், அவரை அருகில் வைத்துக் கவனித்தாலே பெரும்பாலும் போதும். நடப்பது இதற்கு நேர்மாறு. முன்னவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்; பின்னவரை ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள்.

இதில் பெண்களுக்கு ஒரு கூடுதல் கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. வழக்கமாகவே பி.சி.வி. 30 இருக்கும் பெண்ணுக்குக் கசிவு வந்து 37 ஆனாலும், சீட்டில் "நார்மல்" என்றே தெரியும். ஆகவே ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது. காய்ச்சலின் முதல் மூன்று நாளுக்குள் ஒரு அளவு, பிறகு தினம் ஒரு அளவு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். பெரிய எந்திரம் இல்லாத இடத்திலும் மெல்லிய கண்ணாடிக் குழாயும் சிறிய சுழற்றுக் கருவியும் இருந்தால் சில நிமிடங்களில் பி.சி.வி. பார்த்துவிடலாம்.

எண்ணே தேவைப்படாத சோதனைகளும் உண்டு. விரல் நகத்தை ஐந்து வினாடி அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தாமதித்தால் ரத்தவோட்டம் போதவில்லை. ரத்த அழுத்தம் 100/80 என்று வந்தால் மேல் எண்ணைப் பார்த்துச் சமாதானம் ஆகிவிடக் கூடாது; மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி 20க்குச் சுருங்கியதே அதிர்ச்சியின் வாசல். விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதியும் அமைதியின்மையும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அணு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. இவையெல்லாம் பெரும்பாலும் காய்ச்சல் விட்ட பிறகுதான் தலைகாட்டும், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். காய்ச்சல் விட்டதும் நோய் விட்டது என்று நம்பி மலைக்குத் திரும்பிப் போகிறவர்கள், மிக ஆபத்தான இருபத்துநான்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்தைச் சிகிச்சையிலிருந்து மிகத் தொலைவில் கழிக்கிறார்கள்.

சிகிச்சையும் கசிவைப் பொறுத்ததே. கசியும் அந்த ஒன்றிரண்டு நாட்களுக்கு உப்புநீரை அளந்து ஏற்ற வேண்டும், பி.சி.வி.யும் சிறுநீரும் சொல்கிற வேகத்தில் கூட்டியும் குறைத்தும். மணிக்கு ஒரு கிலோ எடைக்கு அரை மில்லி சிறுநீர் வந்தால் போதும். 'ரெண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏத்தினா தெம்பு வரும்' என்ற இன்னொரு நம்பிக்கையும் இங்கே உயிரோடு விளையாடுகிறது. படலம் மறுபடி வளர்ந்து கசிவு நின்றதும், வெளியே தேங்கிய நீர் முழுக்கக் குழாய்க்குத் திரும்பி வரும். அந்த நேரத்திலும் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஸ்டீராய்டு ஊசியால் டெங்குவில் பயன் இல்லை. ஆஸ்பிரினும், வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியும் தீங்கே. பாராசிட்டமால் போதும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு சாரார் சொல்வது: "ஹெப்பரான் சல்பேட், சின்டிகன் எல்லாம் ஆய்வுக்கூடச் சங்கதி. அந்தப் படலத்தைக் காக்க மருந்தே இல்லையே, மலைவாசிக்கு இதனால் என்ன ஆகப்போகிறது? தட்டணு என்றால் ஒரே எண், படிக்காதவருக்கும் புரியும்." படலத்தை ஒட்டவைக்கும் மருந்து இன்னும் வரவில்லை என்பது உண்மைதான். மருந்து இல்லாதபோதுதான் எதைக் கண்காணிப்பது என்ற அறிவு முழு வைத்தியமாகிறது. மக்களுக்குப் புரியாது என்பது மக்களைக் குறைத்து மதிப்பிடும் பேச்சு. 'பிளேட்லெட்' என்ற சொல்லை இருபதே ஆண்டுகளில் கடைக்கோடி வரை கொண்டுபோனவர்களால் 'பி.சி.வி.' என்ற மூன்று எழுத்தைக் கொண்டுபோக முடியாதா? 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. அங்கே அரசு மருத்துவமனைகளில் டெங்குவுக்கென்று தனிக் கண்காணிப்புப் பிரிவு வைத்து, செவிலியர்கள் பி.சி.வி., நாடியழுத்தம், சிறுநீர் ஆகியவற்றை மணிக்கணக்கில் குறித்து வரைபடமாக எழுதுகிறார்கள். முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்ற வேண்டாம் என்பது அவர்களுடைய தேசிய வழிகாட்டுதல். நம்மைப் போன்ற மக்கள், நம்மைப் போன்ற மழை, நம்மைவிடச் சிறிய கருவூலம்.

கள்ளக்குறிச்சிக்கு இது தூரத்தின் பிரச்சினையும்கூட. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்தவர்களைச் சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் பிரித்து அனுப்ப வேண்டியிருந்தது. அங்கே தேவைப்பட்டது டயாலிசிஸும் தீவிர சிகிச்சையும், அனுப்பியதற்கு நியாயம் இருந்தது. டெங்கு நோயாளியை அதே சாலைகளில் தட்டணுவுக்காக அனுப்புவதற்கு நியாயம் இல்லை. கசிவு உச்சத்தில் இருக்கும் மணிகளில் ஒரு குழந்தை ஆம்புலன்ஸில் ஆடிக்கொண்டு போகிறது. அந்த நேரத்தில் பி.சி.வி. பார்க்கவும் முடியாது, டிரிப்ஸின் வேகத்தை மாற்றவும் முடியாது. 2019 நவம்பர் 26இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு 2022 ஜனவரி 12இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. பெரும்பாலான டெங்கு நோயாளிகளைக் காப்பாற்ற வேண்டிய உப்புநீரும் செவிலியரும் லேபும் மாவட்டத்துக்குள்ளேயே கிடைப்பவை. கல்வராயன் மலையின் அடிப்படை வசதிகளைப் பற்றி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்த பிறகும், மலையிலிருந்து நோயாளி இறங்கி வருவது எளிதாகிவிடவில்லை. இறங்கி வந்தவரை மேலும் நூறு கிலோமீட்டர் அலைக்கழிக்கும் முடிவை ஒரு தவறான எண் எடுக்கக் கூடாது.

மாவட்டச் சுகாதாரத் துறை இதற்குப் புதிய நிதி எதுவும் தேட வேண்டியதில்லை. அடுத்த ஐப்பசிக்குள், காய்ச்சல் முகாமில் கொடுக்கும் சீட்டில் பி.சி.வி.க்கு நாள்வாரியாக ஒரு கட்டம் அச்சிடலாம். தட்டணுவுக்கு மேலேயே அச்சிடலாம். வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதைச் சுற்றியுள்ள துணை நிலையங்களிலும் கிராம சுகாதார செவிலியர்களுக்கு நகத்தை அழுத்திப் பார்க்கவும், அழுத்த இடைவெளியைக் கணக்கிடவும், உண்ணிக்கடிப் பொருக்கைத் தேடவும் ஒரு நாள் பயிற்சி கொடுக்கலாம். காய்ச்சல் விட்ட மறுநாளும் வந்து காட்டச் சொல்லலாம். வீட்டில் காய்ச்சல்காரர் இருப்பவர்களும் லேப் சீட்டு கைக்கு வந்ததும் அணு எவ்வளவு என்று கேட்பதை நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்: நேற்று பி.சி.வி. எவ்வளவு, இன்று எவ்வளவு, கடைசியாகச் சிறுநீர் போய் எத்தனை மணி நேரம் ஆயிற்று?